ஓரியின் கொடையும் விதைக் கடனும்

கொல்லிமலை என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாடி வந்தவர்க்கு வரையாது வழங்கியவன். அவன் வீழ்ந்த செய்தியையும் சங்கப் பாடல்களே சொல்கின்றன. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். வள்ளலோடு அவன் கொடையும் முடிந்தது.

அதே மலையில் வேறொரு வழங்கல் முறையும் உண்டு. மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விதைகளைத் தமக்குள் கடனாகக் கொடுத்து, அறுவடைக்குப் பின் திரும்பப் பெற்று வந்தனர். குச்சிக்கிழங்கு பரவிச் சிறுதானிய நிலம் சுருங்கிய காலத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊர் விதை வங்கிகளை ஊக்குவித்தது இவ்வழக்கத்தை ஒட்டித்தான். இம்முறையில் வள்ளலும் இல்லை, இரவலரும் இல்லை.

தமிழ்க் கணிமையை வளர்த்த நிரலர் குழுக்களின் பண்பாட்டை ஒப்பிடுங்கால் இவ்விரு முறைகளும் நம் நினைவில் எழுகின்றன.

முதல் தலைமுறை தனிமனிதர்களுடையது. முரசு அஞ்சல், மயிலை, பாமினி என ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறிமுறை. பலர் தம் உழைப்பை இலவசமாகவே தந்தனர், நன்றிக்குரியவர்கள். எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது.

1997-ஐ ஒட்டித் தொடங்கிய 'திஸ்கி' முயற்சி இரண்டாவது. மலேசியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, இந்தியா எனச் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதிட்டு உருவாக்கியது அது. ஆங்கிலத்தின் 128 இடங்களைத் தொடாமல், எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழை அடக்க வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பதற்கே நீண்ட விவாதங்கள். ஆணையிட ஆளில்லை, பயன்பாடே அதன் அதிகாரம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பின்னர் திஸ்கியில் நூல்களை வெளியிட்டு அதற்கு வலுச் சேர்த்தது.

மூன்றாவது, அரசு வழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, டாம், டாப் குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசாணையால் தரமாயின. வல்லுநர் கூடி முடிவெடுக்கும் இப்பண்பாட்டில் வேகம் உண்டு. ஆனால் ஆணை கடல் தாண்டுவதில்லை. அந்த விசைப்பலகை இன்றும் வாழ்கிறது, குறிமுறைகள் பழங்கதையாயின.

நான்காவது யூனிகோடு. இந்திய அரசின் 'இஸ்கி'யை அடியொற்றி 1991-லேயே தமிழுக்கு அங்கே இடம் கிடைத்தது. உறுப்பினர் வாக்கு, பொறுமை, ஒருமுறை தந்த இடத்தை மாற்றாத பிடிவாதம் என்பன அதன் இயல்புகள். உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லையே என்ற மனக்குறை நம்மவர்க்கு நெடுநாள் இருந்தது. 2010-இல் யூனிகோடோடு டேஸ்16-ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது அதன் வெளிப்பாடே. ஆயினும் அப்பிடிவாதமே நிலைத்தன்மையைத் தந்தது.

மேலைநாட்டில் எரிக் ரேமண்ட் 1997-இல் நிரலர் பண்பாடுகளைப் பேராலயம், சந்தை என இரண்டாகப் பிரித்தார். நமக்கு வள்ளலும் விதைக் கடனுமே பொருத்தமாகப் படுகின்றன.

ஏனெனில் இதில் இழப்பு நம்முடையது. செய்தவர் கைவிட்டதும் பல எழுத்துருக்கள் மறைந்தன. அவற்றில் தட்டச்சிட்ட கதைகளும் கவிதைகளும் புரியாத குறிகளாயின. குறி வரிசை பலர் கையில் பரவியிருந்தவை மட்டும் பிழைத்தன. சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் பாமினியையும் திஸ்கியையும் யூனிகோடுக்குக் கொணர்ந்தது அவ்வரிசைகள் தெரிந்திருந்ததால்தான். இலவசம் என்பது வேறு, பகிர்வு என்பது வேறு என்று நாம் கற்றது இப்படித்தான்.

சில பருவங்கள் விதைக்காத சாமை முளைப்புத் திறனை இழந்துவிடும். நம் வீட்டுக் குறுந்தகடுகளில் உறங்கும் பழைய சிற்றிதழ்க் கோப்புகளுக்கும் அதே கெடுதான். இன்னும் திறக்கக் கூடியவற்றையேனும் இவ்வாண்டே மாற்றிப் பொதுவில் வைப்போம்.