கடலில் ஜெட் ஸ்கீ, திண்டுக்கல்லில் டிவிஎஸ் 50... ஒரே ரிப்பேர்!

நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீயை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கடலே இல்லாத திண்டுக்கல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஓடியது டூ ஸ்ட்ரோக் என்ஜின்!

கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டோகிராஸ் வீரரின் யோசனையை வைத்து, 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி நிறுவனம் ஜெட் ஸ்கீயைக் கொண்டுவந்தது. அதில் 400 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின். இந்த வகை என்ஜினில் திறந்து மூடும் வால்வுகள் கிடையாது, ஆயிலுக்குத் தனித் தொட்டியும் கிடையாது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும். எடையும் குறைவு, விலையும் குறைவு.

இதே காரணங்களுக்காகத்தான் 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-லும் டூ ஸ்ட்ரோக் என்ஜினையே வைத்தார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய குழுமத்தின் வண்டி அது. இரண்டு பேர் உட்காரலாம் என்பதுதான் அப்போது பெரிய விஷயம். ஆனால் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கும் போகிறவர்களுக்கு அது ஆள் ஏறும் வண்டி மட்டும் இல்லை, மூட்டை ஏறும் வண்டி!

இதன் ரிப்பேர் என்ன? ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி படியும். பிளக் கறுத்துப்போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள். சைலன்சர் அடைத்தால் வண்டி இழுக்காது. நெருப்பில் சுட்டுக் கரியைத் தட்டி எடுப்பார்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பிறகு போர் வேலைதான்: சிலிண்டரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனைப் போட வேண்டும்.

ஜெட் ஸ்கீக்கும் இதேதான். கூடுதலாக, கடலில் ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு என்ஜினுக்குள் இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் உடனே பிளக்கைக் கழற்றி, என்ஜினைச் சுற்றவிட்டு வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும். மற்றபடி ஸ்பேனர் செட் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதே எளிமைதான் கடைசியில் வினையானது. வால்வு இல்லாததால், உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். அதோடு ஆயில் புகையும்! மாசு விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக்கால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டிவிஎஸ் 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100-ஐக் கொண்டுவந்தது. 2020-ல் பிஎஸ் 6 விதி வந்தபோது அதில் கார்புரேட்டரும் போய், எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி வந்தது. யமஹாவின் சூப்பர் ஜெட் என்ற நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயும் 2021 மாடலில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது.

புகை குறைந்தது எல்லோருக்கும் நல்லது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதன் செலவு ஒரே மாதிரி விழவில்லை. ஜெட் ஸ்கீ வைத்திருப்பவருக்கு அது பொழுதுபோக்குச் செலவு. மூட்டை ஏற்றுகிறவருக்கோ வண்டி நின்றால் அன்றைய வியாபாரமே நின்றது. முன்பு அவரை அரை மணி நேரத்தில் அனுப்பிவைத்தது சாலையோர மெக்கானிக்கின் காது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னவர், சென்சார் கோளாறுக்கு ஸ்கேனர் கருவி வாங்க வேண்டும், புதிதாகப் படிக்கவும் வேண்டும். விதி போடுகிறவர்கள் புகையை அளந்தார்கள், சரி. அந்தக் கைத்தொழிலின் மதிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?