மணலுக்குப் பணிந்த சக்கரங்கள்

நதிகளின் முகத்துவாரங்களில் நகரங்கள் தோன்றி, அந்நகரங்களிலிருந்து உள்நாட்டை நோக்கிப் பாதைகள் பிறப்பதே பெரும்பாலான தேசங்களின் சரித்திரம். ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கிலே, இன்று நமீபியா என்று வழங்கும் தேசத்தின் மேற்கெல்லையில், இந்த நியதி செல்லவில்லை. அங்கே நமீப் பாலைவனம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் விளிம்பு வரையில் வந்து நிற்கிறது. எப்போதாவது மழை பெய்தால் மாத்திரம் ஓடும் ஆறுகளிற் பல, கடலைக் காணாமலே மணலில் முடிந்துபோகின்றன. தெற்கேயிருந்து வரும் பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம், காற்றிலுள்ள ஈரத்தை மேகமாகத் திரளவிடாமல் மூடுபனியாக்கிக் கரையிலே படரவிடுவதால், ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பல இடங்களில் ஓர் அங்குலத்தைக்கூட எட்டுவதில்லை. 1486-ஆம் ஆண்டில் போர்த்துகேசிய மாலுமி டியோகோ காவோ அக்கரையின் ஒரு முனையிலே கற்சிலுவை ஒன்றை நாட்டிவிட்டுச் சென்றார். அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக் காலம், அவ்வழியே இந்தியாவுக்கும் கீழ்த்திசைக்கும் வந்த ஐரோப்பியக் கப்பல்களெல்லாம் அந்தக் கரையைத் தூரத்திலே கண்டு விலகிப் போயினவேயன்றி, அதனுள்ளே நுழைந்து பார்க்கும் ஆவல் பெரிதாக எவருக்கும் உண்டாகவில்லை.

அப்படிப்பட்ட கரைக்கு மனிதன் சக்கரத்தை ஓட்டிக்கொண்டு போன கதை, பலத்தை நம்பியவன் தோற்று, பூமியின் போக்கை அறிந்து இணங்கியவன் கரைசேர்ந்த கதையாகும். இயந்திரத்தின் வலிமை ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ந்துகொண்டேயிருந்தும், இந்தப் பாடத்தை மாத்திரம் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது.

சக்கரம் வருவதற்கு முன்பே அங்கே மனிதர் நடமாட்டம் இருந்தது. குயிசெப் ஆற்றின் மணற்படுகையை அடுத்து வாழ்ந்த தொப்னார் என்னும் நாமா மக்கள், மணல்மேடுகளில் படரும் முட்புதரில் காய்க்கும் நாரா என்ற காட்டுப்பழத்தைப் பறித்து உண்டும், அதன் விதையை உலர்த்திச் சேமித்தும், பழம் இல்லாத பருவத்தில் கடலோரம் சென்று மீனும் பிறவும் தேடியும் காலங்கழித்தனர். ஆற்றுப்படுகையே அவர்களுடைய ராஜபாட்டை. மேலே உலர்ந்து கிடந்தாலும் அடியிலே நீர் ஊறும் இடங்களை அவர்கள் அறிந்திருந்தபடியால், தோண்டிய குழியிலிருந்து குழிக்குப் பிரயாணம் செய்வது அவர்களுக்கு இயல்பாயிருந்தது. 1850-ஆம் ஆண்டில் வால்விஸ் பே என்னும் இயற்கைத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயரும், உள்நாட்டுக்குச் செல்லச் சுவாகோப் ஆற்றின் படுகையையே வழியாகக் கொண்டார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1840-களில், விண்ட்ஹூக்கில் தங்கி ஆட்சி செலுத்திய ஜோங்கர் ஆஃப்ரிகானர் என்னும் தலைவர், தம் ஊரிலிருந்து வால்விஸ் பே வரையில் மாட்டுவண்டிப் பாதை ஒன்றை அமைத்திருந்தார். வளைகுடாப் பாதை என்று பெயர் பெற்ற அவ்வழியிலே, பத்துப் பன்னிரண்டு ஜோடி எருதுகள் வரையில் பூட்டிய நீண்ட வண்டிகள் தாமிரத் தாதுவும் தோலும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கும். துப்பாக்கியும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பும். கரையை ஒட்டிய வறண்ட பிரதேசத்தைப் பகல் வெயிலில் கடந்தால் எருதுகள் தாகத்தால் மாண்டுவிடும் என்பதனால், மாலை சாய்ந்த பிறகு வண்டி பூட்டி, இரவெல்லாம் நடத்தி, பொழுது விடிவதற்குள் அடுத்த நீர்நிலையைப் பிடிப்பது வண்டியோட்டிகளின் வழக்கம்.

ஐரோப்பியர் இந்தப் பொறுமையை நீடித்துப் போற்றவில்லை. வால்விஸ் பேயை 1878-இல் பிரிட்டிஷார் தமதாக்கிக்கொண்டனர்; சுற்றியிருந்த நாட்டை 1884 முதல் ஜெர்மானியர் தமது குடியேற்றமாக அறிவித்தனர். அருகிலிருந்த நல்ல துறைமுகம் அயலார் வசம் இருந்ததால், ஜெர்மானியர் 1892-இல் சுவாகோப் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே சுவாகோப்முண்ட் என்ற ஊரை நிறுவிக் கடலலைகளோடு போராடிச் சரக்கு இறக்கலாயினர். இறங்கிய சரக்கை உள்நாட்டுக்கு அனுப்ப எருதுகளையும் மனிதர்களின் பொறுமையையும் நம்புவானேன் என்று எண்ணிய எட்மண்ட் துரூஸ்ட் என்ற இராணுவ அதிகாரி, தம் சொந்தச் செலவிலே 14 டன் எடையுள்ள நீராவி இழுவை எந்திரம் ஒன்றை 1896-இல் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். அவ்வளவு பெரிய பாரத்தை இறக்கச் சுவாகோப்முண்டில் வசதியில்லாமையால், அது வால்விஸ் பேயில் இறங்கிற்று. அங்கிருந்து சுவாகோப்முண்ட் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம்; அந்தத் தூரத்தைக் கடக்க எந்திரத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. தன் எடையினாலேயே தன் சக்கரத்தை மணலில் புதைத்துக்கொள்வதும், ஆட்கள் கூடித் தோண்டி வெளியே எடுப்பதும், சற்று நகர்ந்ததும் மறுபடி புதைவதுமாக அதன் யாத்திரை நடந்தது. நீரைக் கொதிக்கவைத்து ஓடும் எந்திரத்தை நீரில்லாத பூமியிலே ஓட்ட நினைத்த விபரீதம் அதன்பின் வெளிப்பட்டது: அது சுமக்க வேண்டிய சரக்கைவிட அதற்காகச் சுமக்க வேண்டிய தண்ணீரே பெரும் பிரச்சினையாயிற்று. 1897-இல் ஊருக்கு வெளியே அது நின்றது நின்றதுதான். இங்கே நிற்கிறேன், வேறு செய்ய வகையறியேன் என்ற பொருள்படச் சபை நடுவே சொன்னதாகக் கூறப்படும் மதச் சீர்திருத்தக்காரரின் நினைவாக, ஊரார் அதற்கு மார்ட்டின் லூத்தர் என்று பெயர் சூட்டினர். இன்றும் அந்த எந்திரத்தைச் சுவாகோப்முண்டில் ஒரு காப்பகத்தில் காணலாம்.

அதே 1897-இல் வெக்கை நோய் பரவி நாட்டின் மாடுகளைக் கொள்ளை கொண்டபோது எருதுவண்டியும் ஓய்ந்தது. அவசர அவசரமாகக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று இடப்பட்டு, 1902-இல் ரயில் விண்ட்ஹூக்கை அடைந்தது. மோட்டார் வண்டியின் முறை அதற்குப் பிறகு வந்தது. பவுல் கிரேட்ஸ் என்ற ஜெர்மானிய அதிகாரி, 1907 ஆகஸ்டு மாதத்தில் இந்து சமுத்திரக் கரையிலுள்ள தார் எஸ் ஸலாமிலிருந்து மோட்டாரில் புறப்பட்டு, காட்டையும் சதுப்பையும் கலஹாரிப் பாலையையும் கடந்து, 1909 மே முதல் நாளில் சுவாகோப்முண்டின் கடற்கரையை அடைந்தார். ஆப்பிரிக்காவை மோட்டாரில் குறுக்கே கடந்த முதல்வர் அவரே. ஆனால் அவர் வந்து சேர்ந்தது ரயிலும் மக்களும் இருந்த ஊருக்கு. அவ்வூருக்கு வடக்கே, உகாப் ஆற்றிலிருந்து குனேனே ஆறு வரையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளம் கிடந்த எலும்புக்கூட்டுக் கரையில், திமிங்கிலங்களின் எலும்பும் உடைந்த கப்பல்களின் விலாவும் தவிர, வழிகாட்ட யாதொன்றும் இல்லை.

அங்கே மோட்டாரின் வலிமை சோதிக்கப்பட்டது 1942-இல். நவம்பர் 29-ஆம் தேதி இரவு, மத்திய கிழக்கிலிருந்த சேனைக்கு யுத்த தளவாடங்களை ஏற்றிச் சென்ற டனீடின் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் கப்பல் அக்கரையருகே அடிப்பாகம் கிழிந்து தரைதட்டியது. கப்பலிலிருந்த 106 பேரில், பெண்களும் கைக்குழந்தைகளும் உள்ளிட்ட 63 பேர் மோட்டார்ப் படகில் கரை சேர்ந்தனர். அத்துடன் படகும் பழுதுபட்டது. உதவிக்கு விரைந்த ஸர் சார்ல்ஸ் எலியட் என்ற இழுவைக் கப்பல் தானும் தரைதட்டிற்று; அதன் அதிகாரி ஆங்கஸ் மக்கின்டயரும், மத்தியாஸ் கோராசெப் என்ற கப்பலாளும் அலைகளுக்கு இரையாயினர். உணவும் நீரும் போட வந்த வெஞ்சுரா விமானத்தைக் கேப்டன் நௌடே என்ற விமானி துணிந்து கரையில் இறக்கினார். மறுபடி கிளப்ப முயன்றபோது அதன் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. சமுத்திரத்தையும் ஆகாயத்தையும் ஆளப் பிறந்த எந்திரங்கள் இரண்டும் அந்தக் கரையிலே ஒருசேரத் தோற்று நின்றன.

எஞ்சியது தரை வழி. காவல்துறைக் கேப்டன் ஸ்மித்தின் தலைமையில் விண்ட்ஹூக்கிலிருந்து புறப்பட்ட லாரிகள், காவோகோவெல்ட் என்னும் கரடுமுரடான மலைப்பகுதியைத் தாண்டி, எவரும் மோட்டார் ஓட்டியிராத மணலிலே இறங்கின. பாறை நிலத்தில் சக்கரம் கிழிந்தது. மணலில் அச்சு வரையில் புதைந்தது. ஆட்கள் இறங்கித் தோண்டுவதும், சக்கரத்தின் கீழே கிடைத்ததைப் பரப்புவதும், சில கஜ தூரம் ஓட்டுவதும், பரப்பியதைச் சுருட்டி முன்னே கொண்டுபோய்ப் பரப்புவதுமாக நாட்கள் சென்றன. கரையிலிருந்தவர்களிற் சிலரைக் கப்பலொன்று அலைகளினூடே மீட்டெடுத்தது. மற்றவர்களை அழைத்து வந்தது மண்வெட்டியும் லாரியுமே. டிசம்பர் முடிவதற்குள், தரைதட்டிய கப்பலில் வந்தவர் அனைவரும் உயிர் தப்பியிருந்தனர். நௌடேயின் விமானத்தை மறு மாதத்தில் மணலிலிருந்து தோண்டியெடுத்துப் பறக்கவும் விட்டார்கள். ஒரு மணி நேரம் நிறைவதற்குள் அது கடலில் விழ, அதிலிருந்த மூவரும் நீந்திக் கரையேறினார்கள். இந்த மீட்பைக் குறித்து ஜான் மார்ஷ் என்பவர் 1944-இல் எழுதிய புத்தகமே, எலும்புக்கூட்டுக் கரை என்ற பெயரை உலகறியச் செய்தது.

மணலில் வண்டி ஓட்டும் வித்தை இந்த மீட்புக்குச் சற்று முன்பே வேறொரு பாலைவனத்தில் சாஸ்திரமாகிக்கொண்டிருந்தது. எகிப்தின் மேற்குப் பகுதியிலுள்ள மணற்கடலில் 1920-களின் பிற்பகுதியிலிருந்து போர்டு வண்டிகளை ஓட்டிப் பழகிய ரால்ப் பாக்னால்ட் என்ற இராணுவப் பொறியியலாளர், புதைந்த சக்கரத்தின் கீழே இரும்புத் தகடுகளை இடும் முறையையும், டயரின் காற்றை இறக்கி ஓட்டும் முறையையும் செம்மைப்படுத்தினார். காற்றில் பறக்கும் மணலின் இயல்பை ஆராய்ந்து 1941-இல் ஒரு நூலும் எழுதினார். கெட்டிச் சாலையில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் காற்றை ஏந்தி விறைத்து நிற்கும் டயரில், மணல் தொடங்கும் இடத்திலே இறங்கி, வால்வின் மூடியைக் கழற்றி, ஊசியை அழுத்தினால், சீறலோடு காற்று வெளியேறும். 15 ராத்தலளவுக்கு வந்ததும் டயரின் அடிப்புறம் தரையிலே பரந்து படிந்து, ஒட்டகத்தின் பாதத்தைப்போல மணலை வெட்டாமல் மிதித்துச் செல்லும். புதையத் தொடங்கிய சக்கரத்தை வேகமாகச் சுழற்றுபவன் தன் குழியைத் தானே ஆழப்படுத்துகிறான். நிறுத்திப் பின்வாங்கித் தன் பழைய தடத்திலே வந்து மறுபடி புறப்படுபவன் தப்புகிறான். காலைப் பனியில் நனைந்த மணல் இறுகிச் சுமையைத் தாங்கும். பிற்பகலில் அதே மணல் காலை வாரும். மணல்மேடுகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் சாண்ட்விச் துறைமுகப் பகுதியிலே, நீர் வடிந்திருக்கும் வேளையில் மாத்திரம் அலைக்கும் மேட்டுக்கும் இடையே ஒரு வண்டி போகும் வழி திறக்கும். வேளை தப்பினால் வண்டியைக் கடல் எடுத்துக்கொள்ளும். இரவு பார்த்து எருது பூட்டிய வண்டியோட்டியின் ஞானத்துக்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

பிற்காலத்தில் சுவாகோப்முண்டிலிருந்து வடக்கே இட்ட கடலோரச் சாலையும் இந்த ஞானத்தின் விளைவே. தாரும் கருங்கல்லும் கொண்டுவராமல், அங்கேயே கிடைக்கும் ஜிப்ஸம் கலந்த சரளையில் உப்புநீரை ஊற்றி அழுத்திவிட்டார்கள். நாள்தோறும் வரும் மூடுபனி அதைச் சிறிது நனைக்க, வெயில் இறுக்க, அது தார்ச்சாலைக்கு ஏறக்குறையச் சமமான உறுதியைப் பெற்றது. பனி விழும் வேளையில் சற்று வழுக்கும் என்பதொன்றே அதன் குறை.

சாலையை விட்டு விலகி ஓட்டும் ஆசை மோட்டார்க்காரர்களை விடவில்லை. கண்ணுக்கு வெறும் சரளையாகத் தோன்றும் அந்தச் சமவெளியில், கற்களின்மேல் பொருக்காகப் படிந்திருப்பது பாசியோடு காளான் கூடி வளரும் லைக்கன் என்னும் உயிரினம். அதன்மேல் சில துளி நீர் விட்டுப் பார்த்தால், கருகிச் சுருண்டது போலிருந்த பொருக்கு கண்ணெதிரே விரிந்து பச்சை காட்டும். மழையை நம்பாமல் மூடுபனியை மாத்திரம் நம்பி மெல்ல மெல்ல வளரும் அதன்மீது ஒரு சக்கரம் ஏறினால், அந்த வடு பல பத்தாண்டுகளுக்கு மாறுவதில்லை. பழைய எருதுவண்டிகளின் தடம் நமீபின் சரளை வெளியிலே இன்றும் தெரிகிறது. அதே சரளையில் ஒற்றை முட்டையிட்டு அடைகாக்கும் டமாரா ஆலாக் குருவியின் கூட்டை, வண்டியோட்டுபவன் தன் டயர் ஏறிய பின்னரும் அறியமாட்டான்.

இதனாலேயே அரசாங்கங்கள் வழியை வகுத்ததுபோல் வழியை அடைக்கவும் நேர்ந்தது. கரையின் வடபகுதி 1971-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சுவாகோப்முண்டைச் சுற்றிய கரை 2010-இல் தோரோப் தேசியப் பூங்காவாயிற்று. குறித்த தடத்தை விட்டு வண்டியோட்டுவது குற்றமாயிற்று. டெரஸ் பே என்ற தங்குமிடத்துக்கு வடக்கே சொந்த வண்டியில் செல்லப் பொதுவாக அனுமதியில்லை. ஆகவே டனீடின் ஸ்டாரின் மக்கள் கரையேறிய இடத்துக்கு, ஸ்மித்தின் லாரிகளைக் காட்டிலும் பன்மடங்கு வல்ல வண்டி வைத்திருப்பவரும் நினைத்த மாத்திரத்தில் போய்விட முடியாது. போக முடியாத காலத்தில் மனிதன் அந்தக் கரையோடு இணங்கிப் போகக் கற்றான். எளிதில் போகக்கூடிய காலத்தில், எங்கே போகாமலிருப்பது என்பதையும் அவன் கற்க வேண்டியவனாகிறான்.