பள்ளி யாருடையது? கடலூர் மாவட்டம் சொல்லும் பாடம்

நெய்வேலி நகரியத்தின் அகலமான சாலைகளைப் பார்ப்பவர்கள், இந்தப் பகுதியின் வரலாறே 1956ல் நிலக்கரி நிறுவனம் வந்த பிறகுதான் தொடங்கியது என்று நினைப்பதுண்டு. நிறுவனம் நகரியத்துக்குள் பள்ளிகளைக் கட்டியது. சுற்றியுள்ள கிராமங்களின் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அரசுப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும்தான். அந்தப் பள்ளிகளை மேம்படுத்த 'மாணவர், ஆசிரியர், பெற்றோர் பங்கேற்பு' வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள், ஏதோ புதுத் திட்டம் போல. இதே மாவட்டத்தில் நம் மக்கள் அதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள்.

நந்தன் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் சிதம்பரத்தில், 1916ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் விடாத ஊரில் நம் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பறை எழுந்தது. பிறகு சட்டமன்றத்துக்குள் போனபோதும் அவர் கல்வியை விடவில்லை. 1959ல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையின்கீழ் நடக்கிறது. அரசு கொடுத்த பள்ளி அல்ல அது. நம்மவர்கள் கட்டி, அரசை ஏற்க வைத்த பள்ளி.

அதே வட்டாரத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எல். இளையபெருமாள் படித்த பள்ளியில் தலித் மாணவர்கள் தண்ணீர் குடிக்கத் தனிப் பானை வைத்திருந்தார்கள். மாணவரான அவர் அந்தப் பானையை உடைத்தார். அவரே 1952ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். நாடு முழுவதும் தீண்டாமையை ஆராய 1965ல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969ல் அறிக்கை கொடுத்தார். பாடப் புத்தகம் 'மாணவர் பங்கேற்பு' என்று எதைச் சொன்னாலும், நமக்கு அதன் முதல் பாடம் அந்த உடைந்த பானைதான்.

காமராசர் ஆட்சியில் 1956ல் மதிய உணவு வந்தது. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் பெஞ்சும் கட்டடமும் நிலமும் கொடுத்தார்கள். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. நிலம் உள்ளவர்தான் நிலம் கொடுக்க முடியும். நிலமே இல்லாத சேரியின் குரலுக்கு அங்கே என்ன எடை இருந்திருக்கும்?

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொன்னது 2009ல். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப்படி இடம். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. நன்கொடை கேட்காமலே அதிகாரம் கொடுக்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

ஆனால் காகிதத்தில் இருக்கும் பெயர் வேறு, கூட்டத்தில் உட்காரும் ஆள் வேறு. வேலை நாளில் கூட்டம் போட்டால், வயலுக்கும் ஒப்பந்த வேலைக்கும் போகிற தாய் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். வராவிட்டால் தீர்மான நோட்டு வீடு தேடி வரும், கையெழுத்துக்காக. பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் புறக்கணிப்பு இது.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேரித் தாய்மார்களுக்கு உரிய இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்டம் நடத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து என்று அம்மாக்களிடம் சொல்லுங்கள். அக்கறையுள்ள ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள், அவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சகஜானந்தர் பள்ளி கட்டினார். இளையபெருமாள் பானையை உடைத்தார். நமக்கு மிச்சமிருப்பது, அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலியைப் பிடிப்பது.

ஜெய்பீம்.