வைக்கிங் கப்பல் உப்புக் கிண்ணம்: வெள்ளியா, பியூட்டரா? வாங்கும் முன் இதைப் பாருங்க!

பல கிண்ணங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். முனையில் டிராகன் தலை, நடுவில் உப்பு வைக்கக் குழி, கூடவே ஒரு குட்டி ஸ்பூன். பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்கும் வைக்கிங் கப்பல் உப்புக் கிண்ணம் இதுதான்.

எங்கிருந்து வந்தது?

நார்வேயின் கோக்ஸ்டாடில் 1880-ல் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது, ஆயிரம் ஆண்டு பழமையான வைக்கிங் கப்பல் கிடைத்தது. 1904-ல் ஓசெபெர்க் கப்பலும் தோண்டி எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சுவீடனுடனான கூட்டிலிருந்து நார்வே பிரிந்து தனி நாடானது. தேசிய உணர்வு பொங்கிய அந்தக் காலத்தில் கட்டடம், நகை, மேஜைப் பாத்திரம் என எங்கும் டிராகன் தலைதான். ஓஸ்லோவின் டேவிட் ஆண்டர்சன், பெர்கனின் மாரியஸ் ஹாமர் போன்ற பட்டறைகள் இந்தக் கிண்ணங்களை வெள்ளியில் செய்தன. சிலவற்றில் வண்ண எனாமல் வேலையும் உண்டு.

ஏன் திறந்த கிண்ணம்?

அப்போதைய உப்பு ஈரத்தில் கட்டி தட்டிவிடும். துளை போட்ட டப்பாவில் அடைத்துக்கொள்ளும். அதனால் கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் எடுத்தார்கள். கட்டி தட்டாத உப்பு வந்த பிறகு இதன் தேவை குறைந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* அடியில் '830 எஸ்' முத்திரை இருந்தால் 1000-ல் 830 பங்கு வெள்ளி. '925 எஸ்' என்றால் 925 பங்கு.
* 'இ.பி.என்.எஸ்.' என்றால் வெள்ளி முலாம் மட்டும்தான்.
* பியூட்டர் என்பது வெள்ளீயக் கலவை. நார்வே பொருட்களில் 'டின்' என்ற சொல் பொறித்திருக்கும்.
* காந்தம் ஒட்டலைன்னா வெள்ளி என்று நம்பிடாதீங்க. பியூட்டரிலும் காந்தம் ஒட்டாது.

உப்பே எதிரி

உப்பு வைக்கச் செய்த கிண்ணத்தைக் கெடுப்பதே உப்புதான். ஈரமான உப்பில் உள்ள குளோரைடு வெள்ளியை அரிக்கும். முதலில் கரும்புள்ளி, பிறகு குழி. புள்ளியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம், குழி போகாது. அதனால்தான் உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைப்பார்கள் அல்லது தங்க முலாம் பூசுவார்கள். வாங்கும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டு உட்புறத்தைப் பாருங்க. எனாமல் உடைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். அதைச் சரிசெய்ய மீண்டும் சூளையில் சுட வேண்டியிருக்கும்.

பியூட்டர் வாங்கினால்?

நம்ம ஊர் ஈயச் சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும் இல்லையா? பியூட்டரும் அப்படித்தான். சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழைய பியூட்டரில் காரீயம் கலந்திருக்கலாம். அதனால் அதில் உப்பு வைத்துச் சாப்பிட வேண்டாம், அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

வெள்ளிக் கிண்ணத்தைப் பயன்படுத்தினால், சாப்பிட்டு முடித்ததும் உப்பைக் கொட்டி, வெந்நீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து வையுங்க. ஸ்பூனையும் உப்பிலேயே விட்டுவிடக் கூடாது.