தோட்டத்துப் புழுங்கலரிசி

மருந்தென்று அறியாமலே மருந்தை உண்டு வாழ்ந்த மக்கள் உளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் பெருகிய காலத்தே, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் அத்தகையோரே. ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்துகிடந்த அத்தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் மலேரியாவையும் கொயினாவையும் தவறாது குறிப்பிடுவர். அரிசியைக் குறிப்பிடுவோர் சிலரே.

அக்காலத்தில் மலாயாவை வாட்டிய மற்றொரு நோய் பெரிபெரி. கால் மரத்தல், உடல் வீங்குதல், முடிவில் நெஞ்சு தளர்ந்து இறத்தல் என்பன அதன் குறிகள். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு இரையாயினர். தோட்டத்துத் தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. இரு சாராருக்கும் சோறே உணவாயிருக்க, இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் இதனை ஆராய்ந்து 1907இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். சீனர் உண்டது நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பச்சரிசி நாட்பட்டால் அதில் நஞ்சு தோன்றுகிறது என அவர் முடிவு கட்டினார். காரணம் பிழையானது, கண்ட காட்சி மெய்யானது.

சோதனை அன்றைய சிலாங்கூரின் தலைநகரிலேயே நிகழ்ந்தது. 1905-06ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசியும் மற்றப் பிரிவினர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தம் நிலை உணராதவரைக் கொண்டு நடத்திய சோதனை இது. இதனால் உலகம் பெற்ற நன்மை பெரிது. ஆயினும் அப்பதினெண்மரின் இசைவை எவரும் கேட்டிலர்.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோவொரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என 1909இல் நிறுவினர். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ எனப் பெயரிட்டார். தயமின் எனப்படும் அப்பொருள் 1936இல் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரோடு அரிசியின் உள்ளே புகுந்து படிகிறது. அதன்பின் தீட்டினாலும் அது முற்றும் நீங்குவதில்லை. ஆயினும் இதனை முன்னோரின் மருத்துவ நுட்பம் என முழங்குதல் பொருந்தாது. புழுக்கிய நெல்லின் உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது. இவற்றோடு நாவின் பழக்கமும் சேர்ந்தே தமிழர் அதனை விரும்பினர். மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் அது தடுக்கவுமில்லை. அவற்றால் லயங்களில் மாண்டோர் பலர்.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையான காலத்தில் அரிசி வரத்துக் குன்றியது. மரவள்ளிக்கிழங்கே பல குடும்பங்களுக்கு உணவாயிற்று. அதில் தயமின் மிகக் குறைவு. அதுவரை தோட்டத்தார் அரிதாகவே கண்ட கால்வீக்கம் அவர்களையும் பற்றியது. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழரைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. லயங்களை விட்டு நகர்ப்புறம் சென்ற குடும்பங்கள் பலவற்றில் இன்று வெள்ளைப் பச்சரிசியே உலையேறுகிறது. மலேசியாவில் வயதுவந்தோரிடையே 2014இல் நடத்தப்பெற்ற உணவூட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வைட்டமின் அல்லது தாதுச்சத்து மாத்திரை உண்கின்றனர். அம்மாத்திரைகளில் ‘பி’ வகைக் கூட்டாக விற்பவற்றின் சீட்டில் முதலாவதாகக் காணும் பெயர் தயமின். அன்றைய தோட்டத்தார்க்கு அது அரிசி மூட்டையிலேயே வந்து சேர்ந்தது.