மறைத்த பெயர்கள்: கம்பைலர் அட்ரிபியூட்டுகளும் லைப்ரரிகளின் பைனரி இடைமுகமும்

ஒரு லைப்ரரியைப் புதுப்பித்த பிறகும், அதை நம்பி முன்பே கம்பைல் செய்த நிரல்கள் மறுபடி கம்பைல் செய்யாமலே ஓட வேண்டும். எந்தச் சிம்பல்கள் (ஃபங்ஷன் முதலியவற்றின் பெயர்கள்) வெளியே தெரியும், எந்தத் தரவு எத்தனை பைட் பிடிக்கும் என்னும் இந்த ஒப்பந்தமே பைனரி இடைமுகம். இதை ஆளும் அட்ரிபியூட்டுகள், அதாவது நிரலில் கம்பைலருக்கு எழுதும் குறிப்புகள், வேகத்துக்காகப் பரவின. ஆனால் அவற்றின் நிலைத்த பயன், லைப்ரரி தரும் வாக்குறுதிகளைக் குறைத்ததே. பெசன்ட் நகர் இராஜாஜி பவனில் ஓர் அலுவலர் லிப்ரே ஆபிஸில் திறக்கும் தமிழ்க் கடிதமும் இந்த வரலாற்றுக்கு உட்பட்டதே.

1. எல்லாமே வெளியே

விண்டோஸ் டிஎல்எல்லில் ‘டிஎல்எல்எக்ஸ்போர்ட்’ போன்று வெளிப்படையாகக் குறித்தவை மட்டுமே பொதுவாக வெளியே தெரியும். லினக்ஸின் ஈஎல்எஃப் முறையில் நேர்மாறு: ‘ஸ்டாட்டிக்’ என்று அடைக்காத ஒவ்வொரு ஃபங்ஷனும் வெளியே நிற்கும். சி++ டெம்ப்ளேட்டுகள் ஆயிரக்கணக்கான பெயர்களைப் பெருக்க, அவற்றைத் தேடி இணைப்பதிலேயே லோடரின் நேரம் கரைந்தது.

ஜிசிசி கம்பைலரின் 3.3 பதிப்பு (2003) ‘விசிபிலிட்டி’ அட்ரிபியூட்டைத் தந்தது. நிரலர் நியால் டக்ளஸின் பங்களிப்போடு 2005 ஏப்ரலில் வந்த ஜிசிசி 4.0, எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வேண்டியதை மட்டும் திறக்கும் வழியை சி++ நிரலர்களுக்குக் கொடுத்தது. டிஎன்ஃபாக்ஸ் என்ற சி++ லைப்ரரியின் பைத்தான் இணைப்பு ஏற முன்பு 6 நிமிடங்களுக்கு மேல் ஆன நேரம் 8 விநாடியாகச் சுருங்கியது என்று ஜிசிசி ஆவணம் பதிவு செய்கிறது.

2. 8 பைட்டும் 32 பைட்டும்

மறைக்க முடியாததை மாற்ற நேர்ந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி 2015இல் எழுந்தது. சி++11 தரம் ‘ஸ்ட்ரிங்’கின் பழைய அமைப்பை அனுமதிக்கவில்லை. 64 பிட் கணினியில் 8 பைட்டாக இருந்தது ஜிசிசி 5இல் 32 பைட்டானது. பழைய நிரல் 8 பைட் ஒதுக்கி, புதிய லைப்ரரி 32 பைட் எழுதினால் நினைவகம் சத்தமின்றிச் சிதையும். இதைத் தவிர்க்க ‘ஏபிஐ டேக்’ அட்ரிபியூட் சிம்பலின் பெயரிலேயே ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற அடையாளத்தைச் சேர்த்தது. பொருந்தாத இரண்டு சந்தித்தால் லிங்க்கர் அங்கேயே பிழை காட்டி நிற்கும்.

சென்னை சி-டாக்கின் ‘பாஸ்’ இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியனில், இதனால் பல சி++ லைப்ரரிப் பொதிகளின் பெயரில் ‘வி5’ என்று ஒட்டிப் புதுப்பெயர் சூட்ட நேர்ந்தது. ஜிடிகேஎம்எம் அவற்றுள் ஒன்று.

3. ஹார்ஃப்பஸ் தப்பிய விதம்

தமிழ் எழுத்துகளைத் திரையில் அடுக்கும் ஹார்ஃப்பஸும் சி++இல் எழுதியதே. ஆனால் அதற்கு ‘வி5’ தேவைப்படவில்லை. வெளியே தெரிபவை ‘ஹெச்பி’ என்று தொடங்கும் சி ஃபங்ஷன்கள் மட்டும். மற்றவை ‘ஹெச்பி இன்டர்னல்’ என்ற மேக்ரோவால் மறைந்திருக்கின்றன. அந்த மேக்ரோவை விரித்தால் கிடைப்பது அதே விசிபிலிட்டி அட்ரிபியூட். வேறு பெயர் ஏதாவது வெளியே கசிந்தால், சிம்பல் பட்டியலைச் சரிபார்க்கும் சோதனை தோற்றுவிடும்.

‘கொ’வின் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னால் நகர்த்தும் வேலை இந்த மறைவுக்குள்தான் நடக்கிறது. அந்தக் குறிமுறையைத் திருத்தினாலும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸை மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை.

முடிவு

அட்ரிபியூட் பெயரை மறைக்கும். தரவின் அளவை மறைக்காது. ஹார்ஃப்பஸின் எழுத்து வடிவத் (கிளிஃப்) தகவல் அமைப்பு 20 பைட். அதில் இரண்டு 4 பைட் இடங்களை லைப்ரரி தன் உள்வேலைக்கென முதலிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த முன்யோசனையை எந்தக் கம்பைலரும் தராது. எதை வாக்களிப்பது என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவை யாரும் தெரியாமல் மீறாதபடி காப்பது மட்டுமே அட்ரிபியூட்டின் வேலை.