துக்ளக்கின் பாரசீகமும் எல்லைத் தமிழும்

சோ ராமசாமி 1968இல் மேடையேற்றி, 1971இல் தாமே இயக்கித் திரைப்படமாக்கிய ‘முகமது பின் துக்ளக்’ அரசியல் அங்கதம் என்ற நிலையிலேயே பெரிதும் பேசப்பட்டுள்ளது. 14ஆம் நூற்றாண்டுச் சுல்தான் உயிருடன் மீண்டதாக நடிக்கும் எளிய மனிதன் ஒருவன் தேர்தலில் வென்று இந்தியப் பிரதமராகிறான். மொழிச் சிக்கலுக்கு அவன் காணும் தீர்வு, பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குவது. மொழியியலார் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே.

அந்நகைச்சுவையின் காலப் பின்னணி தெளிவானது. 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. எவருக்கும் தாய்மொழியல்லாத மொழியே எல்லார்க்கும் பொதுவாகும் என்னும் வாதத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்று சோ நகைக்கிறார். (இதே மன்னனைக் கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் அவல நாயகனாக்கினார் என்பதையும் ஒப்புநோக்கலாம்.)

ஆனால் பாரசீகம் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, ஜப்தி, ஜாமீன், சர்க்கார் முதலியன பாரசீகத்திலிருந்தோ அதன்வழி அரபியிலிருந்தோ வந்தவை. நீதி, வருவாய் அலுவல்களிலிருந்து அம்மொழியை விலக்க 1837இன் 29ஆவது சட்டம் வழிவகுத்த பின்னரும் இச்சொற்கள் நிலைத்தன. தமிழகத்தில் ஜில்லா மாவட்டமாகவும், தாசில்தார் வட்டாட்சியராகவும், சர்க்கார் அரசாகவும் மாறின. கேரளத்திலோ ஜில்லா, தாலூக்கு, தகசில்தார், சர்க்கார் ஆகியவை இன்றும் அலுவல் வழக்கே. ஜாமீன் அங்கே ‘ஜாம்யம்’ என வடமொழிச் சாயல் பெற்றுவிட்டது.

இவ்வேறுபாடு உறைப்பது எல்லையில்தான். 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது பாலக்காடு. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்து, 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. இவ்வட்டங்களிலும் சித்தூரிலும் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது.

அவ்விடையை மொழிபெயர்ப்பவர் எத்தமிழில் எழுதுவது? சென்னையின் கலைச்சொல் பட்டியலை அப்படியே பெயர்த்து ‘வட்டாட்சியர்’ என்று எழுதினால், மனுவைக் கையில் ஏந்திய தேயிலைத் தோட்டத் தொழிலாளி அப்பெயரில் ஓர் அலுவலகத்தைத் தேடி அலைய நேரும். பலகையில் எழுதியிருப்பது ‘தகசில்தார்’. தூய்மை நோக்கு இலக்கியத்திற்கு அணி செய்யலாம். சிறுபான்மையினருக்குச் செல்லும் அலுவல் மடலில் அஃது இரண்டாம் அயன்மையாகிவிடும். இங்குப் பாரசீகச் சொல்லையே இருத்தி, தமிழ்ச்சொல்லை அடைப்புக்குறிக்குள் தருவதே தக்கது என்பது என் கருத்து. சித்தூரிலும் தேவிகுளத்திலும் துக்ளக்கின் ஆணை ஓரளவு நடைமுறையில்தான் இருக்கிறது.